சமதளச் சான்றிதழ்

குழி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அனுமதி இன்னும் வந்திருக்கவில்லை.

மேலப்புதுவேலிக்குச் சுரங்கம் வரப்போகிறது என்று நாலு வருடமாகப் பேச்சு. பேச்சு பேச்சாகவே இருக்க, குழி மட்டும் சொல்லாமல் கொள்ளாமல், முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பே பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிவிடும் சம்பந்தி வீட்டார் மாதிரி, செங்கமலத்தின் மக்காச்சோளக் கொல்லையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நூற்றெண்பது அடி ஆழம். அந்த நேரத்தில் அவளுடைய கணவர் கொளஞ்சி களை பிடுங்கிக்கொண்டிருந்தார். நாலு வரிசைச் சோளத்தோடு அவரும் அடியில் போய்ச் சேர்ந்தார். சோளம் சாயவில்லை. அவர் தலைத்துண்டுகூட அவிழவில்லை.

"என்னாங்க, அடி எதுவும் படலியே?" என்று செங்கமலம் வரப்பில் நின்று கேட்டாள்.

"இல்ல. நெழலா நல்லாத்தான் இருக்கு. சோறு ஆயிடுச்சா?"

அவள் மூன்று வீட்டுக் கிணற்றுக் கயிறுகளை இரவல் வாங்கி ஒன்றாக முடிந்து, வாளியில் சோறும் புளிக்குழம்பும் வைத்து இறக்கினாள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சாப்பிடுவதை அவள் மேலிருந்து பார்த்ததே இல்லை. துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு அவர் குனிந்தபோது, உச்சந்தலையில் முடி கொட்டியிருப்பது தெரிந்தது. இதைக்கூடக் கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று அவளுக்கு வருத்தமாக இருந்தது.

ஊரார் வந்து சுற்றி நின்றார்கள். நாலு வருடமாக டீக்கடையில் நடந்துகொண்டிருந்த வழக்கு குழியோரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அனுமதி கிடைத்துவிட்டதா என்று ஒருவர் கேட்டார். கிடைக்கப்போகிறது, கிடைக்கப்போகிறது என்றுதானே சொல்கிறார்கள் என்றார் இன்னொருவர். பணம் போடப்போகிறவன் யார், அவன் இந்த ஊரை வரைபடத்திலாவது பார்த்திருக்கிறானா என்றார் மூன்றாமவர். ஊர் முழுக்க ஆதரவு என்று பேப்பரில் வந்திருந்தது. அந்த முழுக்கவில் தான் சேர்த்தி இல்லை என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். கொளஞ்சியிடமும் கருத்துக் கேட்டார்கள். யோசித்துச் சொல்வதாக அவர் கீழேயிருந்து பதில் கொடுத்தார்.

மறுநாள் கம்பெனி ஆள் பிரேம்குமார் வந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா. குழியைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

"ஆர்வத்துல முன்னாடியே வந்துடுச்சும்மா," என்றார். "முறைப்படி பார்த்தா முதல்ல அனுமதி, அப்புறம் பணம், அப்புறம் மக்கள் ஆதரவு. கடைசியாத்தான் குழி."

"அவர மேல தூக்கி விடுங்க சார். கிரேன் வச்சிருக்கீங்கல்ல."

கிரேன் இருந்தது. ஆனால் அனுமதி பெற்ற குழியில்தான் அது வேலை செய்யலாம். இந்தக் குழியை மூடவும் வழியில்லை. மூடுவதற்கு உத்தரவு வேண்டும். இன்னும் வராத குழியை மூட யார் உத்தரவு போடுவார்கள்? அனுமதி கொடுக்கிறவர்கள் பணம் எங்கே என்றார்கள். பணம் போடுகிறவர்கள் ஊரின் ஆதரவு எங்கே என்றார்கள். ஊரோ முதலில் அனுமதியைக் காட்டு என்றது. மூன்று பேரும் வாசலில் நின்றபடி, நீங்க முதல்ல போங்க, நீங்க முதல்ல போங்க என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள்.

பிரேம்குமார் ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். நிலத்தின் பட்டா செங்கமலத்தின் பேரில் இருந்தது. 'முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இன்றி' சுரங்கத்தை ஆதரிப்பதாக அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால், பார்த்துப் பார்த்து ஊரே போட்டுவிடும். அனுமதி வந்துவிடும். கிரேனும் வந்துவிடும்.

அவள் குனிந்து கேட்டாள். "என்னாங்க, கீழ ஏதாச்சும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. நம்ம கொல்ல மண்ணுதான்."

"கனிமம் அனுமதிக்கு அப்புறம்தான் வரும்," என்றார் பிரேம்குமார்.

அவள் படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் போகும்போது வீட்டுக்கு ஒரு குடை கொடுத்துவிட்டுப் போனார். ஊரார் குடையை வாங்கிக்கொண்டார்கள். ஆதரவைத் தங்களிடமே வைத்துக்கொண்டார்கள்.

குடைக்கு வேலை வரும் காலம்தான். புரட்டாசி முடியப்போகிறது. ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துக்கொள்ளும். கொளஞ்சிக்கு நீச்சல் தெரியாது. "போட்டுடு செங்கமலம், மனுசன் உசிரு முக்கியம்" என்று வந்து சொன்னவர்களே, தெருமுனை திரும்பியதும் "அவ போட்டுட்டா நம்ம கொல்ல எல்லாம் போச்சு" என்றார்கள். அவளுக்கு எல்லார்மேலும் கோபம் வந்தது. குழிமேல் மட்டும் வரவில்லை. அது பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

எட்டாம் நாள் காலை, மேற்கே கறுத்திருந்தது. அவள் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு அதை அடுப்பில் வைத்துவிட்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கு நடந்தாள்.

வி.ஏ.ஓ. இளவழகன் பதிவேட்டைப் புரட்டினார். "சர்வே நம்பர் 214/2. புஞ்சை. மக்காச்சோளம். சமதளம். குழின்னு எதுவும் பதிவுல இல்லியேம்மா."

"எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு சார்."

"எதுக்கு உள்ள?"

நியாயமான கேள்விதான். செங்கமலம் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"அப்ப அவரு வீட்டுக்கு நடந்து வரலாமா சார்?"

"தாராளமா வரலாம். சமதளம்தானே."

"அத அப்படியே எழுதிக் குடுங்க."

அவர் எழுதினார். மேற்படி நிலம் சமதளம் என்றும், அதில் நிற்கும் பச்சமுத்து மகன் கொளஞ்சி தடையேதுமின்றி வீட்டுக்கு நடந்து செல்லலாம் என்றும், பதிவில் மாற்றம் வரும்வரை இது செல்லும் என்றும் எழுதி, கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். மை காய ஊதிக் கொடுத்தார்.

அன்றைக்குச் சோற்றுவாளியில் சான்றிதழும் இறங்கியது. கொளஞ்சி முதலில் சாப்பிட்டார். கை கழுவி, ஈரத்தைத் துண்டில் துடைத்துவிட்டுக் காகிதத்தைப் பிரித்து இரண்டு தடவை படித்தார். சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு கிழக்கே பார்த்து நடந்தார். எண்பது காலடி வைத்ததும் வரப்பில் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"கொழம்புல உப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுவதற்குப் பதிலாக, எட்டு நாளில் உப்பைப் பற்றிப் பேச இப்போதுதான் வாய் வந்ததா என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். கயிறுகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சுருட்டிப் பரண்மேல் வைத்தாள்.

மறுநாள் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் வரிசை நின்றது. ஊரில் நானூற்றுப் பன்னிரண்டு வீடு. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டாரும் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் வாங்கினார்கள். அதன்பிறகு குழி யாருக்கும் இடைஞ்சலாக இல்லை. ரேஷன் கடைக்குப் போக அதுதான் குறுக்குவழி. ஆடுமாடுகள் மட்டும் சுற்றிப் போயின. அவற்றிடம் காகிதம் இல்லை.

ஐப்பசி முதல் வாரம் பிரேம்குமார், பணம் போடுகிறவர்கள் இருவரை அழைத்துவந்தார். அவர்கள் ஷூ காலோடு விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் நூற்றெண்பது அடிக் குழியின் நட்டநடுவே நடந்து போய்க்கொண்டிருந்தாள். ஆழம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார். பிரேம்குமார் சொன்னார். அவர்கள் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார்கள். திட்டம் அதோடு போனது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

ஊருக்கு எப்போதும் கொஞ்சம் அவசரம். மேலே ஓர் அலுவலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களும் ஒரே கட்டாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அங்கே கையெழுத்துகளை எண்ணினார்கள். எதற்காகப் போட்ட கையெழுத்து என்று எழுத அவர்களுடைய படிவத்தில் கட்டம் இல்லை. எல்லா வீட்டிலும் போட்டிருக்கிறார்கள், ஆகவே ஆதரவு முழுமை. ஆதரவைப் பார்த்துப் பணம் வந்தது. பணத்தைப் பார்த்து அனுமதி புறப்பட்டது.

இதற்குள் மழை பெய்து குழி நிரம்பியிருந்தது. சான்றிதழ் உள்ளவர்களுக்குக் கணுக்கால் அளவு தண்ணீர். எருமைகளிடம் சான்றிதழ் இல்லாததால் அவை நீந்தின.

கார்த்திகையில் ஒரு நண்பகல், பக்கத்து ஊரிலிருந்து தபால்காரர் அருளப்பன் சைக்கிளில் வந்தார். செங்கமலம் வாசலில் கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பதிவுத்தபால் ஒன்றை எடுத்தார்.

"அனுமதிம்மா. நெலத்துக்காரங்க கையெழுத்துப் போட்டு வாங்கணும். நீங்க வாங்குன நிமிசத்துலேர்ந்து பதிவு மாறிடும்."

அவள் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தண்ணீரின் நடுவே கொளஞ்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த நாலு வரிசையில் மிச்சமிருந்த கதிரை ஒடித்துக்கொண்டிருந்தார். கணுக்கால்வரை நனைந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் ஓர் எருமை மூக்கை மட்டும் வெளியே நீட்டி மெல்ல நீந்திக்கொண்டிருந்தது. அவருக்கு அப்பால் நாலைந்து பேர் ரேஷன் அரிசியோடு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கொளஞ்சி கரையேறும்வரை தபால்காரரை உட்கார வைக்கலாம். அவர் ஏறினால் இன்னொருவர் இறங்குவார். அந்தத் தண்ணீரில் எந்நேரமும் யாராவது நடந்துகொண்டுதான் இருந்தார்கள். கொல்லையும் போய்விடும்.

"வாங்க மாட்டேன்னு சொன்னா?"

"மறுத்துட்டாங்கன்னு எழுதணும். மறுத்தா சேர்ந்ததாத்தான் அர்த்தம்."

"வீடு பூட்டிக் கெடந்துச்சுன்னு எழுதுங்க."

"எழுதலாம். நாளைக்கு மறுபடியும் வருவேன். ஏழு நாள் வருவேன்."

"திரும்பிப் போயிடணும்னா என்னா எழுதுவீங்க?"

அருளப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இந்த விலாசத்துல அப்படி யாரும் இல்லேன்னு எழுதணும். எழுதினா எழுதினதுதாம்மா."

செங்கமலத்துக்குப் பயமாக இருந்தது. குழி வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு பயம் இல்லை. அவள் இன்னொரு முறை கொல்லையைப் பார்த்தாள். கொளஞ்சி கதிரை எண்ணிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் அவர் உச்சந்தலை தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க," என்று உள்ளே போய், சோற்றை வடித்துவிட்டு, குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். "இப்ப எழுதுங்க."

அவர் உறையின் மேல் எழுதி, தேதி போட்டார். பேனாவை மூடி நிமிர்ந்தார். போய்வருகிறேன் என்று சொல்ல ஆளைத் தேடினார். வாசலில் பாதி உரித்த கதிர்கள் கிடந்தன. அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

கொளஞ்சி சாக்கோடு வந்து, கால் கழுவி, உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"போஸ்ட்மேன் வந்தாரே, என்னா சேதி?"

"அனுமதி வந்துச்சு. அனுப்பிட்டேன்."

"என்னான்னு எழுதி?"

அவள் சொன்னாள். அவர் தட்டை முன்னால் நகர்த்தினார். அவள் சோறு போட்டாள். சோறு தட்டில் விழுந்தது. குழம்பு ஊற்றினாள். அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார்.

"இன்னிக்கு உப்பு சரியா இருக்கு," என்று, அவளுக்கு ஒரு முழம் தள்ளியிருந்த சோள மூட்டையைப் பார்த்துச் சொன்னார்.

செங்கமலம் எழுந்து போய், சோள மூட்டைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.