பிரிக்காத உறைகள்

சவரக் கத்தியில் ஒட்டும் நுரையை வழித்துப் போட முடிதிருத்துபவருக்கு ஒரு தாள் வேண்டும். வழுவழுப்பான தாள் உதவாது. நுரை வழுக்கித் தரையில் விழும். கார் பத்திரிகைக்காரர்கள் அனுப்பிய பழுப்பு உறைகள் தடித்து, சொரசொரப்பாக, அதற்கென்றே செய்தவை போல இருந்தன. இரண்டு வருடமாக மாதம் ஒன்று வந்தது. அவர் அதைப் பிரிக்காமலே மடித்து, இடது உள்ளங்கையில் வைத்து, கத்தியை வழித்துவிட்டுக் குப்பையில் போட்டார்.

உள்ளே இருப்பது பில் என்று அவருக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் இலவசம் என்று சொல்லி, முடி வெட்டிக்கொள்ள வந்த ஒரு விற்பனைக்காரர் படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போயிருந்தார். பணம் கட்டாவிட்டால் பத்திரிகை தானாக நின்றுவிடும், வேண்டாம் என்று எழுதிப் போடும் வேலை மிச்சம் என்று இவர் நினைத்தார். பத்திரிகை நிற்கவில்லை. வாடிக்கையாளர்கள் பெஞ்சில் அமர்ந்து அதைப் புரட்டினார்கள். "சைக்கிள்கூட இல்லாத கடையில கார் பத்திரிகையா?" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு உறைகள் நின்றன, பத்திரிகையும் நின்றது. தன் கணக்கு சரிதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் வீட்டுத் தரகர் கடைக்கு வந்தார். முடி வெட்டிக்கொள்ள அல்ல என்பது அவர் உட்காராததிலேயே தெரிந்தது.

"அண்ணே, நீங்க வாடகைக்குக் கேட்ட அந்தத் தரைத்தளத்து வீடு சிக்கல்ல நிக்குது."

கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

"வீட்டுக்காரம்மா உங்க பேரை விசாரிச்சிருக்காங்க. கடன் கட்டாதவங்க பட்டியல்ல இருக்கீங்களாம்."

"நானா? யார்கிட்டயும் கைநீட்டி ஒரு காசு வாங்கினதில்லையே."

"ஏதோ கார் பத்திரிகையாம்."

நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் கண்ணாடியில் அவரைப் பார்த்தார். முடிதிருத்துபவருக்குக் காது மடல் சுட்டது.

"பட்டியல்ல இருந்து பேரை எடுத்தாச்சுன்னு கடிதம் வேணும்ணே. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. இன்னொரு குடும்பம் முன்பணத்தோட காத்திருக்கு. நான் என்ன செய்யட்டும்?"

அந்த வீட்டுக்கு வாசலில் ஒரே ஒரு படி. முடிதிருத்துபவரின் மனைவி முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆகி ஐந்து மாதம் ஆகிறது. அவர்கள் இருப்பது மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மருத்துவமனைக்குப் போகும் நாள் தவிர அவள் கீழே இறங்கியதில்லை. தெரு அவளுக்கு ஜன்னல் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

மத்தியானம் சாப்பிட வந்தவர் உண்மையைச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர், மறைத்துத்தான் பழக்கம்.

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். "இருபது பேருக்கு முடி வெட்டினா வர்ற காசு. அதுக்கு என்னை மூணாவது மாடியில கட்டிப் போட்டுட்டீங்க."

"நிறுத்திடுவாங்கன்னு நினைச்சேன்."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும். கடைக்கு வர்றவங்க படிச்சாங்கல்ல? படிச்சதுக்குக் காசு குடுக்கணும்ல? உங்ககிட்ட முடி வெட்டிக்கிட்டு ஒருத்தன் சும்மா எழுந்து போனா விடுவீங்களா?"

அவள் கேட்டது கடவுளே கேட்டது போல இருந்தது.

அன்று மாலை முழுவதும் தொலைபேசி. பத்திரிகைக்காரர்கள் பாக்கியை ஒரு கடன் வசூல் நிறுவனத்திடம் விற்றுவிட்டோம் என்றார்கள். வசூல் நிறுவனத்தில் ஒரு பதிவுக் குரல் எண்ணை அழுத்தச் சொன்னது; அழுத்தினால் கோப்பு எண் கேட்டது. கோப்பு எண் அவருக்கு வந்த கடிதத்தில் இருக்கும் என்றது. அந்தக் கடிதம் என்றோ நுரையோடு குப்பைக்குப் போயிருந்தது. நாற்பது நிமிடம் காத்திருந்து ஒரு மனிதக் குரல் கிடைத்தபோது அவருக்குக் கண்ணீரே வரும் போலிருந்தது.

"பணம் இப்பவே கட்டலாம் சார். கடிதம் ஏழு வேலை நாள்ல வரும்."

"எனக்கு நாளைக்கு வேணும் தம்பி."

"ஏழு வேலை நாள் சார்."

"நேர்ல வந்து வாங்கிக்கிறேன்."

"நேர்ல வர்றதுக்கு இங்க அலுவலகம் கிடையாது சார்."

அவர் பணத்தைக் கட்டினார். கட்டியும் வெறுங்கையாகவே இருந்தார். தவறு செய்வதற்கு ஒரு விநாடி போதும், திருத்துவதற்குத்தான் எத்தனை வாசல்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் பத்திரிகை அலுவலகத்துக்கே போனார். சந்தாப் பிரிவு நான்காம் தளத்தில், கட்டுக்கட்டாகப் பழைய இதழ்கள் அடுக்கிய ஓர் அறை. முதல் மேசைக்காரர் இரண்டாவது மேசையைக் காட்டினார். இரண்டாவது மேசைக்காரர் முதல் மேசையைக் காட்டினார். ஜன்னலோரம் ஒரு பெண் எழுத்தர் அப்போதுதான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தார். முடிதிருத்துபவர் அங்கே போய் நின்றார். பேசிப் பேசி வாய் ஓய்ந்திருந்தது.

"சொல்லுங்கண்ணே. நின்னுக்கிட்டே இருந்தா எனக்குச் சோறு இறங்காது."

அவர் எல்லாவற்றையும் சொன்னார், உறையில் நுரை வழித்ததையும்கூட. எழுத்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அந்த உறை அவ்வளவு நல்லாவா இருக்கு? எங்களுக்கு ஒட்டவே மாட்டேங்குது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வீட்டம்மாவுக்கு எந்தக் கால்?"

"வலது."

எழுத்தர் டப்பாவை மூடினார். வசூல் நிறுவனத்திடம் விற்ற கணக்கைப் பத்திரிகையே திரும்ப எடுத்துக்கொண்டால், பணம் கட்டியாயிற்று என்ற கடிதத்தையும் பத்திரிகையே கொடுக்கலாம். அதற்கு ஒரு படிவம் உண்டு, யாரும் அதைத் தொடுவதில்லை. மேலாளர் கையெழுத்து வேண்டும். மேலாளரோ ஆறாம் தளத்தில் கூட்டத்தில் இருந்தார். எழுத்தர் படிவத்தை நிரப்பிக்கொண்டு மேலே போய், கூட்ட அறையின் கதவருகே நின்றார். ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். எழுத்தரின் சாப்பாடு மேசையில் ஆறிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க, தான் கட்டாத பாக்கி பத்திரிகைக்கு மட்டுமல்ல என்று முடிதிருத்துபவருக்குத் தோன்றியது.

நான்கரை மணிக்கு எழுத்தர் கடிதத்தோடு இறங்கி வந்தார்.

"இந்தாங்கண்ணே. ஓடுங்க."

"உங்களுக்கு நான் என்ன..."

"அடுத்த தடவை எதையாவது வேண்டாம்னா, வேண்டாம்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. அதைப் பிரிச்சுப் படிக்க நான் இருக்கேன்."

அவர் ஓடினார். பேருந்து ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. தரகரைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. அந்த வீட்டை அடைந்தபோது ஐந்து இருபது. வாசலில் ஒரு வண்டி நின்றது. யாரோ ஒருவர் மெத்தையை இறக்கிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரம்மா கடிதத்தைப் படித்துப் பார்த்தார். "அஞ்சு மணி வரைக்கும் தரகர்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன். நீங்க வருவீங்களான்னு அவருக்கே தெரியலை. தப்பா நினைச்சுக்காதீங்க." அந்த அம்மாள் மேல் கோபப்படக்கூட வழியில்லை. அதுதான் அவரை இன்னும் வதைத்தது.

தன் கட்டடத்தின் படிகளை அவர் ஒவ்வொன்றாக ஏறினார். முதல் மாடி தாண்டி இரண்டாம் மாடித் திருப்பத்தில் தலை நிமிர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் மனைவி அங்கே ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டாம் மாடி எலக்ட்ரீஷியன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஃபோன எடுக்க மாட்டேங்கிறீங்க," என்றாள் அவள். "பொறுக்க முடியலை. சுவரைப் பிடிச்சுக்கிட்டே இறங்கிட்டேன். இவரு வீட்டு வாசல்ல வந்து கால் நின்னுபோச்சு."

"தங்கச்சி படியில உட்காரப் பாத்துச்சு, உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதேன்னு நாற்காலியைப் போட்டேன்," என்றார் எலக்ட்ரீஷியன்.

"கடிதம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"வீடு?"

"போயிடுச்சு."

எலக்ட்ரீஷியன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்குக் கோவமா இருக்கு."

"தெரியுது."

"உங்க மேலதான்."

"அதுவும் தெரியுது."

"ஒரு வாரத்துக்கு இருக்கும்."

"இருக்கட்டும்."

கடிதத்தை வாங்கி அவள் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காவது உதவும். அவர் கையை நீட்டினார், மேலே அழைத்துப் போக. அவள் எழுந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் மேலே திரும்பவில்லை.

"கீழ போகலாம். இவ்வளவு தூரம் வந்தாச்சு. தெருவைப் பாத்துட்டு வர்றேன்."

"திரும்ப மூணு மாடி ஏறணுமேம்மா. நடுவுல வலிச்சா எங்க உட்காருவ?"

எலக்ட்ரீஷியன் நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் முதல் மாடிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.