கழுவிய படியில் தேங்காய்

நாவலப்பிட்டிக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்து அந்தோனியார் கோயிலைக் கூட்டுவதும் மணியடிப்பதும் என் வேலை. திருவிழாவன்று காலையில் இடுப்பு ஒடியப் படிகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு நிமிர்ந்தேன். கீழ் லயத்து வீட்டு ராக்கம்மா வந்து, கையிலிருந்த தேங்காயை மேல்படியில் ஓங்கி உடைத்தாள். தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

"இது மாரியம்மன் கோயில் இல்ல" என்று கத்திவிட்டேன்.

அவள் புருஷன் கறுப்பையா செத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. படுக்கையில கெடந்தப்ப, ஒங்க மணிச் சத்தம் கேட்டாத்தான் அவரு கஞ்சி குடிப்பாரு. அதுக்குத்தான் வந்தேன்" என்றாள்.

சத்தம் கேட்டு ஹென்றி சாமியார் வெளியே வந்தார். குனிந்து இரண்டு மூடிகளையும் எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நல்லா முத்தின காய். மத்தியானச் சோத்துக்குச் சம்பல் அரைக்கக் குடு, மேபல். நீங்க உள்ள வந்து முன் வாங்குல உக்காருங்கம்மா."

"தாலியறுத்தவ நல்ல நாள்ல முன்னுக்கு வரக்கூடாது சாமி."

"நானும் ஒண்டிக்கட்டதாம்மா. நான் முன்னுக்குத்தான நிக்கிறேன்?"

ராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பூசைக்கு நேரமாகிவிட்டது. மணிக் கயிற்றை நான் அவள் கையில் கொடுத்தேன். அவள் இழுத்த இழுப்பில் கூரைப் புறாக்கள் எல்லாம் பறந்தன. சாமியார் காதைப் பொத்திக்கொண்டு, "போதும்மா, மெதுவா" என்றார்.

"விடுங்க சாமி" என்றேன். "கறுப்பையாவுக்குக் கேக்கணும்ல."