இறந்தவன் சார்பில்

ரோசாலியாவின் சமையலறையில் அன்று இருந்தவர்கள்: ரோசாலியா, அவள் தங்கை இபோயா, இறந்துபோன லெஹெலின் ஞானத்தகப்பனும் சபைக் காரியஸ்தருமான தேனெஷ், போதகர் சிலார்ட், அடுப்பை ஒட்டிச் சுருண்டு கிடந்த நாய். ரோசாலியாவின் இளைய மகன் லெஹெல் ஊர்ச் சவக்கூடத்தில் இருந்தான். அவனுடைய அண்ணன் சோங்கோர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அடக்கம். போதகர் பெயர் கேட்க வந்திருந்தார். டிரான்சில்வேனியாவின் இந்த ஹங்கேரிய ஊர்களில் அடக்கப் பிரசங்கம் முடிந்ததும், செத்தவரே பேசுவதுபோலப் போதகர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விடைபெற வேண்டும். பிரசங்கத்தை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்கு மறக்கமாட்டார்கள்.

"போன தடவை கிழவர் ஆல்பெர்ட் சாவுல சின்ன மருமக பேரை விட்டுட்டீங்க ஐயா," என்றார் தேனெஷ். "அவ இப்ப கத்தோலிக்கக் கோயிலுக்குப் போறா."

"அவ முன்னாடியும் நம்ம கோயிலுக்கு வந்ததில்லையே அண்ணே."

"வராதவளுக்குத்தான் ரோஷம் ஜாஸ்தி."

இபோயா சிரித்துவிட்டாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ரோசாலியா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நாளைய சாப்பாட்டுக்காக, புளிக்கவைத்த கோஸ் இலைகளின் தடித்த நரம்பைக் கத்தியால் சீவிக்கொண்டே பெயர்களைச் சொன்னாள்.

"நான். இபோயா. இபோயா பசங்க ரெண்டு பேரு, ஜெர்மனியில இருக்கறவனையும் சேத்துக்கங்க, லீவு கிடைக்கலன்னு அழுதான். தேனெஷ். மரம் அறுக்கற மில்லுல கூட வேலை பாத்த பசங்க. அவ்ளோதான்."

"சோங்கோர்?" என்றார் சிலார்ட்.

கத்தி நிற்கவில்லை. "அவ்ளோதான்னு சொன்னேன்."

நடந்தது ஊருக்கே தெரியும். சிநேகிதன் வீட்டில் பன்றி வெட்டு விருந்து. விடிந்ததிலிருந்து பிளம் சாராயம். சாயங்காலம் சோங்கோர் காரை எடுத்தான், பக்கத்தில் தம்பி. மலைப்பாதை வளைவில் மரம் ஏற்றி நின்றிருந்த லாரிக்கு அடியில் கார் புகுந்தது. தம்பி அங்கேயே போய்விட்டான். அண்ணனுக்குத் தோள் எலும்பு மட்டும் முறிந்தது. போலீஸ் இரத்தம் எடுத்துப் பார்த்தது, வழக்குப் போட்டது, ஆஸ்பத்திரி கட்டுப் போட்டு அனுப்பியது. வீட்டுக்கு வந்தவனை ரோசாலியா வாசலிலிருந்தே திருப்பி அனுப்பினாள். மில்லில் காவல்காரன் குடிசையில் படுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, அவனும் உங்க பிள்ளைதான்."

"நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? நான்தானே பெத்தேன்."

"லெஹெல் இருந்திருந்தா அவனை மன்னிச்சிருப்பான்."

"இருந்திருந்தா." ரோசாலியா கத்தியைக் கீழே வைத்தாள். "ஒண்ணு கேக்கறேன் ஐயா. அவன் உங்ககிட்ட வந்து சொன்னானா? அந்த லாரி கண்ணுக்கு முன்னாடி வந்தப்ப என்ன நினைச்சான்னு உங்களுக்குத் தெரியுமா? கத்தினானா, அண்ணனைத் திட்டினானா, என்னைக் கூப்பிட்டானா? தெரியாதுல்ல? அப்புறம் எப்படி அவன் வாயில மன்னிப்பைத் திணிப்பீங்க? அந்த வாயைத்தான் தச்சு வச்சிருக்காங்களே."

கிருபையைப் பற்றிச் சிலார்ட் நன்றாகப் பேசுவார் என்று பெயர். சம்பாதிக்க முடியாதது, கேட்காமலே கிடைப்பது என்று ஞாயிறுதோறும் சொல்லி வந்தார். அதை இன்னொருத்தன் சார்பில் எடுத்துக் கொடுக்கிற உரிமை உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. கேட்டவள் எட்டாம் வகுப்புவரை படித்த, பல் இரண்டு போன பொம்பளை. அவள் கேட்டதில் தப்பும் இல்லை. அதுதான் கஷ்டம்.

"பேரைச் சொன்னீங்கன்னா நான் அங்கேயே எழுந்திருச்சு, 'என் பையன் அப்படிச் சொல்லல'ன்னு சொல்லுவேன்," என்றாள் ரோசாலியா. "ஊரே கேக்கட்டும்." மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

தெருவில் இறங்கியதும் தேனெஷ் சொன்னார்: "சொல்லுவா ஐயா. புருஷன் சாவுல ஆணி வளைஞ்சிருக்குன்னு பெட்டி செஞ்சவனோட சண்டை பிடிச்சவ."

"நான் என்னண்ணே பண்றது?"

"பொதுவா ஒரு வார்த்தை போட்டு விட்டுருங்க. 'எல்லாருக்கும்'னு. அதுல எல்லாரும் வந்துருவாங்க. யாரும் சண்டைக்கு வர முடியாது."

"அது ஏமாத்து வேலை."

"ஏமாத்து வேலைதான். ஆனா அடக்கம் அமைதியா முடியும்." தேனெஷ் மூக்கைச் சிந்தினார். "நீங்க படிச்சவரு. உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க."

மறுநாள் காலை சிலார்ட் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தபோது சோங்கோர் வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்தான். இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. நெற்றித் தையலைச் சுற்றி மஞ்சளும் ஊதாவுமாக வீங்கியிருந்தது. குளித்து, யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். கோட்டின் ஒரு கை காலியாக ஆடியது.

"அம்மா என்ன சொன்னாங்க?"

சிலார்ட் கோடரியைக் கட்டையில் சாய்த்தார். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தார். "உன் பேரு வேண்டாம்னாங்க."

சோங்கோர் தலையாட்டினான். ஏற்கெனவே கேள்விப்பட்ட செய்தியைக் கேட்பவன் மாதிரி.

"கார்ல பேசிட்டே வந்தான் ஐயா. சிரிச்சிட்டே என்னமோ சொன்னான். அது மட்டும் ஞாபகம் வர மாட்டேங்குது. மத்ததெல்லாம் இருக்கு. ரேடியோவுல ஓடின விளம்பரம்கூட இருக்கு."

"உள்ள வா. காபி குடி."

"வேண்டாம்." அவன் காலால் மரச்சிராய்களைத் தள்ளினான். "பேரை மட்டும் சொல்லுங்க ஐயா. மன்னிச்சேன்னு சொல்ல வேண்டாம். திட்டணும்னாலும் திட்டுங்க. 'அண்ணே, என்னைக் கொன்னுட்டியே'ன்னு சொல்லுங்க, நின்னு கேட்டுக்கறேன். பேரே வரலன்னா அவனுக்கு அண்ணன்னு ஒருத்தன் இருந்ததே இல்லைன்னு ஆயிடும்."

"பாக்கறேன்," என்றார் சிலார்ட்.

போதகர் 'பாக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சோங்கோருக்கும் தெரியும். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

சிலார்ட் விறகை அப்படியே போட்டுவிட்டுப் படிக்கும் அறையில் உட்கார்ந்தார். ஜெபித்தார். ஆண்டவர் பேசவில்லை, அவர் இந்த மாதிரி விஷயங்களில் பேசி சிலார்ட் பார்த்ததும் இல்லை. ஆனாலும் அவன் கேட்டது நியாயமாகப் பட்டது. ஒரு பெயர், அவ்வளவுதானே. யார் வாயிலும் எதையும் திணிக்கத் தேவையில்லை. 'சோங்கோர், உன் தம்பி போகிறேன்.' இதில் மன்னிப்பும் இல்லை, பொய்யும் இல்லை. இதை ரோசாலியாவே மறுக்க முடியாது. இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டே அங்கியை மாட்டினார்.

சவக்கூடத்து முற்றத்தில் பனி பாதி உருகிச் சேறாகியிருந்தது. பெட்டிக்கு முன்னால் பெஞ்சில் ரோசாலியா. அவளைத் தாங்கினாற்போல் இபோயா. மில் பசங்கள் கையில் தொப்பியோடு நின்றார்கள். எல்லோருக்கும் பின்னால், வேலியோரம், தனியாகச் சோங்கோர். அவனைச் சுற்றி நாலு பேர் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது.

பிரசங்கம் முடிந்தது. சிலார்ட் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, லெஹெலாகப் பேசத் தொடங்கினார். "அம்மா, உங்களை விட்டுப் போகிறேன். என்னைச் சுமந்தீர்கள், வளர்த்தீர்கள்; கடைசிக் காலத்தில் உங்களுக்குத் துணையாக இருக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை." பெண்கள் அழுதார்கள். சித்திக்கு விடை சொன்னார். சித்தி பிள்ளைகளுக்கு, ஜெர்மனியில் இருப்பவனுக்கும் சேர்த்து. ஞானத்தகப்பனுக்கு. தேனெஷ் சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். மில்லில் கூட வேலை பார்த்தவர்களுக்கு.

அடுத்தது அந்த இடம்.

ரோசாலியா பாதங்களை உள்ளே இழுத்து, தரையில் அழுத்தி ஊன்றினாள். பெஞ்சின் விளிம்பை அவள் விரல்கள் பிடித்தன. அழுகை நின்றிருந்தது. அவள் அவர் வாயையே பார்த்தாள். பின்னால் சோங்கோர் தொப்பியைக் கழற்றினான்.

சிலார்ட் வாயைத் திறந்தார். "எனக்கு அன்பான எல்லோருக்கும் விடை சொல்கிறேன்," என்றார்.

எல்லோரும். இறையியல் கல்லூரி, பத்தொன்பது வருட ஊழியம், காலையில் செய்த ஜெபம் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. ரோசாலியாவின் விரல்கள் தளர்ந்தன. சோங்கோர் தொப்பியை மெதுவாகப் போட்டுக்கொண்டான். பாட்டு ஆரம்பமானது. சிலார்டும் பாடினார், அவருக்குக் குரல் நல்ல குரல்.

கல்லறையில் முதல் மண் விழுந்ததுமே குளிர் தாங்காது என்று இபோயா அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். ஆம்பிளைகள் குழியை மூடினார்கள். சோங்கோர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். தேனெஷ் திரும்பிப் பார்த்தார்.

"என்னடா வேடிக்கை? ஒரு கை இருக்குல்ல? வா, போடு."

மண்வெட்டியை அவன் கையில் திணித்தார். சோங்கோர் ஒற்றைக் கையால் அள்ளினான். பாதி மண் வழியிலேயே கொட்டியது. யாரும் உதவவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. மூச்சு வாங்க, மூக்கு ஒழுக, மேடு எழும்பும்வரை அவன் நிறுத்தவில்லை. முடிந்ததும் தேனெஷ் சட்டைப்பையிலிருந்து சாராயக் குப்பியை எடுத்து நீட்டினார். சோங்கோர் அதைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"அட, நான் ஒரு முட்டாள்," என்று தேனெஷ் குப்பியை உள்ளே வைத்துக்கொண்டார். பிறகு போதகரிடம், "மண்ணு போட்டவனுக்குச் சாப்பாடு போட்டாகணும் ஐயா. ஊர் வழக்கம். அவளால இல்லைன்னு சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு மற்றவர்களோடு நடந்தார்.

சிலார்ட் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெயர்தான் போயிற்று. ஒரு தட்டுச் சாப்பாடு, ஒரு நாற்காலி. அதையாவது வாங்கிக் கொடுத்துவிடலாம்.

"வா. என் பின்னாலேயே வா."

"வேண்டாம் ஐயா. நான் மில்லுக்கே போறேன்."

"காலையில நீ கேட்டதைச் செய்யல. இதைச் செய்யறேன். வா."

சோங்கோர் அவரை நம்பினானா என்று தெரியவில்லை. ஆனால் வந்தான்.

அவர்கள் போய்ச் சேரும்போது மற்ற எல்லோரும் உள்ளே இருந்தார்கள். வாசலில் முக்காலி மேல் கை கழுவத் தண்ணீர்ப் பாத்திரமும் துண்டும். ரோசாலியா கறுப்பு முக்காட்டோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே மேசைகளைச் சுற்றி ஆட்கள் நாற்காலிகளின் பின்னால் காத்திருந்தார்கள். போதகர் நுழைந்து ஜெபம் சொல்லாமல் யாரும் உட்காரக் கூடாது.

"வாங்க ஐயா. எல்லாரும் நிக்கறாங்க."

"அக்கா, சோங்கோரும் மண்ணு போட்டான்."

"தேனெஷ் சொன்னான்."

"மண்ணு போட்டவங்களுக்குச் சாப்பாடு…"

"வழக்கம் எனக்குத் தெரியும் ஐயா. முதல்ல போதகர் உள்ள வரணும். அதுவும் வழக்கம்தான். சூப்பு ஆறுது."

அவள் ஒதுங்கி வழிவிட்டாள். கோபமாகத் தெரியவில்லை. களைப்பாக மட்டும் இருந்தாள். உள்ளே போய்விடுவோம், அத்தனை பேர் முன்னாலும், ஜெபத்துக்கு முன்பு, இவனுக்கும் ஒரு இடம் போடுங்கள் என்று கேட்போம், ஊர் முன்னால் மறுக்கமாட்டாள் என்று சிலார்ட் கணக்குப் போட்டார். பின்னால் சோங்கோர் ஒற்றைக் கையைத் தண்ணீரில் முக்கி, துண்டில் துடைத்துக்கொண்டிருந்தான்.

சிலார்ட் வாசற்படியைத் தாண்டினார்.

"அந்த 'எல்லோரும்' யாரு ஐயா?" என்று ரோசாலியா அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். "எனக்குப் புரியல. அதுல யாரு யாரு இருக்காங்க?"

சோங்கோரைக் கூப்பிடச் சிலார்ட் திரும்பியபோது, ரோசாலியா கதவைச் சாத்திவிட்டு, சாவியை இரண்டு முறை திருப்பிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.