கையுறை கேட்ட கைக்கூலிகள்

மாநில சுகாதார அமைச்சருக்கு மேடைப்பேச்சு எழுதிக்கொடுப்பவரைக் கட்சி அலுவலகத்தில் பேனாக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்விடுவார். தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: எவன் எதைக் கேட்டாலும் அந்தக் கேள்வியைத் தூக்கி எல்லைக்கு அனுப்பிவிட வேண்டும். மருந்து இல்லையா? எல்லையில் வீரன் காயத்தோடு நிற்கிறான். மின்சாரம் இல்லையா? வீரன் என்ன மின்விசிறிக்குக் கீழேயா படுத்திருக்கிறான்? அமைச்சர் எல்லையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். பேனாக்காரரோ ஏசியைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே தும்முகிற ஜாதி. போர்வையைச் சுற்றிக்கொண்டுதான் பனிமலை வீரனைப் பற்றி எழுதுவார். எழுதியதைத் தானே படித்து, தானே கண்கலங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ கேட்பார்.

மனைவி அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: வார்டில் கையுறை தீர்ந்து மாதக்கணக்காகிறது, வெறும் கையால் புண் துடைக்கிறோம், கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது, இன்றைக்கு டூட்டி இல்லாதவர்கள் எல்லாரும் வாசல் கேட்டில் உட்காரப் போகிறோம். அவர் "ம்" என்றார். வீடு பற்றி எரிகிறது என்று சொல்லியிருந்தாலும் "ம்" என்றுதான் சொல்லியிருப்பார். 'வீரம்' என்ற சொல்லுக்கு எதுகை தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

மதியம் அமைச்சரின் உதவியாளர் போனில் வந்தார். கையுறை கேட்டு நர்ஸுகள் உட்கார்ந்துவிட்டார்களாம், டிவிக்காரர்கள் வந்துவிட்டார்களாம், மாலைக் கூட்டத்தில் அமைச்சர் பதில் சொல்ல நாலு வரி வேண்டுமாம். கையுறை என்றதும், காலையில் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ சொன்னது பேனாக்காரருக்கு நினைவு வந்தது. ஊரில் எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். எது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் எழுத முடியாதே! அதற்குள் வரி வேறு வந்து விழுந்துவிட்டது: "வெறுங்கையோடு எதிரியைத் தடுக்கிறான் நம் வீரன். இங்கே கையுறை கேட்டு உட்கார்ந்திருக்கும் இவர்கள் யாருடைய கைக்கூலிகள்?" இரண்டே வாக்கியத்தில் மூன்று கை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள எட்டவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம்.

மாலையில் அமைச்சர் அதை மூக்கு விடைக்கச் சொன்னார். கூட்டம் கொதித்தெழுந்தது. கூட்டம் முடிந்ததும் கலைந்து போவார்கள் என்று பார்த்தால், கொடியோடு நேராக ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினார்கள். பேனாக்காரரின் மனைவி வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரிதான். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பேனாக்காரர் எழுந்தார். ஏதாவது ஆவதற்குள் அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று பின்னாலேயே ஓடினார்.

கேட் அருகே ஒரு தொண்டன், அந்த வரியை எழுதியவர் இவர்தான் என்று அவரை அடையாளம் கண்டுகொண்டான். அவ்வளவுதான், அலாக்காகத் தோளில் தூக்கிவிட்டார்கள். இறக்கி விடுங்கப்பா என்று அவர் கெஞ்சியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உயரத் தூக்கினார்கள். மேலிருந்து பார்த்தால், நர்ஸுகளின் முதல் வரிசையிலேயே மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளும் பார்த்துவிட்டாள். முகத்தை மறைக்கக் குனிந்தவர் நிலை தடுமாறி இரும்புக் கேட்டின் மேல் தலைகுப்புற விழுந்தார். நெற்றி பிளந்துவிட்டது.

அவள்தான் எழுந்து ஓடிவந்தாள். உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைத்துக் காயத்தைத் துடைத்துக் கட்டுப் போட்டாள். வெறும் கையால்தான். அவருடைய ரத்தம் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. எந்த நோயாளியிடமும் கேட்கிற குரலில் கேட்டாள்.

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"என் சம்சாரம்," என்றார் அவர்.

"அவங்க வெளியில கேட்ல உட்கார்ந்திருக்காங்க. வர மாட்டாங்க."

சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வெளியே போய்விட்டாள். பேனாக்காரருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த முறை தான் எழுதியதைப் படித்து வந்த அழுகை இல்லை.

அந்த நேரம் பார்த்து உதவியாளரின் போன். அமைச்சர் துடித்துப் போய்விட்டாராம். நர்ஸுகள் தாக்கியதில் தாய்நாட்டுக்காக ரத்தம் சிந்திய தேசபக்தர் என்று நாளைக்கே பேச வேண்டுமாம், நாலு வரி வேண்டுமாம். அமைச்சர் பேசி முடித்த கையோடு நர்ஸுகள் எல்லாரையும் உள்ளே தள்ளப் போலீஸ் தயாராக இருக்கிறதாம். அந்த நிலையிலும் 'ரத்தம்' என்ற சொல்லுக்கு எதுகையாக 'சத்தம்' மனசுக்குள் தானாக வந்து நின்றது. வெட்கங்கெட்ட மனசு.

"யாரும் அடிக்கல. நானாத்தான் விழுந்தேன்," என்றார்.

"விழுந்தவனுக்கு எவன்ணே கை தட்டுவான்? நீங்க எழுதலேன்னா விடுங்க, நான் எழுதிக்கறேன்."

பேனாக்காரர் எழுந்து கேட்டுக்கு வந்தார். நெற்றிக் கட்டைப் பார்த்ததும் கூட்டம் ஆவேசமாகி மறுபடி தூக்க வந்தது. நானாத்தான் விழுந்தேன் என்று டிவிக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். இத்தனை வருஷம் ஊரையே கத்த வைத்தவரின் சொந்தச் சத்தம் அந்தக் கூச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல் மனைவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் எழுந்திருக்கவில்லை.

கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. பிறகு எவனோ அவரை நோக்கி விரலை நீட்டி அந்த வரியை எடுத்துக் கொடுத்தான். எல்லாரும் சேர்ந்து அவரைப் பார்த்துக் கேட்டார்கள், யாருடைய கைக்கூலி, யாருடைய கைக்கூலி என்று.

மனைவி அவர் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எழுதினவன் நல்லாத்தான் எழுதியிருக்கான், இல்ல?"

பேனாக்காரருக்கு "ம்" என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. அவள் கொஞ்சம் நகர்ந்து, அவர் காலை நீட்டிக்கொள்ள இடம் விட்டாள்.