சரிபாதிப் பத்தி

ஹில்கே டெர்ப்ஸ்ட்ரா நடத்திய நாளிதழில் எந்தச் செய்திக்கும் இரண்டு தரப்பு உண்டு. இரண்டுக்கும் சரிபாதி இடம். அளவுகோல் வைத்துப் பார்த்துத்தான் அச்சுக்கு அனுப்புவார். தபால்காரர் இறந்த செய்தியில், "போய்விட்டார்" என்று மனைவி சொன்னதற்குப் பக்கத்தில், "நேற்றுகூட நன்றாகத்தான் இருந்தார்" என்று அண்டைவீட்டுக்காரர் சொன்னதையும் அதே நீளத்துக்குப் போட்டார். அரசாங்கம் குழம்பிப்போய், செத்தவருக்குப் பாதி ஓய்வூதியம் அனுப்பிக்கொண்டிருந்தது. ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தின் அந்தத் தாழ்நிலப் பகுதியில் அந்த இதழை நம்பாதவர் இல்லை.

அந்த இலையுதிர்காலத்தில், கால்வாயின் தெற்குக் கரையை நீரெலிகள் குடைந்துவிட்டன என்றார் பொறியாளர். எங்கள் முப்பாட்டன் போட்ட கரை அசையாது என்றார் மதுக்கடை டவ்வே. ஹில்கே நேரில் போய் எலி வளைக்குள் கையை விட்டார். தோள்வரை போயிற்று. திரும்பி வந்து இருவருக்கும் சரிபாதிப் பத்தி கொடுத்தார். தன் கையைப் பற்றி எழுதவில்லை. கை ஒரு தரப்பு ஆகாதே.

ஊரார் இரண்டையும் படித்துவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். வியாழக்கிழமை கரை உடைந்தது. விதவை யெல்ட்யேவின் மாடுகள் தொழுவத்திலேயே மூழ்கிப்போயின.

ஹில்கே அவள் வீட்டுக்குப் போனார். காபி கொடுத்தாள்.

"உங்க தரப்பைக் கேட்டு எழுதலாம்னு வந்தேன்."

"மாடு செத்துப்போச்சு, அதான் என் தரப்பு. எதிர்த்தரப்புக்கு யாரைக் கேப்ப? தண்ணியையா?"

ஹில்கே காபியைக் கீழே வைத்தார். "நான் கைய விட்டுப் பாத்தேன், யெல்ட்யே. தோள் வரைக்கும் போச்சு."

"எப்ப?"

"செய்தி போடறதுக்கு முன்னாடியே."

ஒரு காபிக்கு ஒரு பிஸ்கட் என்பது அங்கே சட்டம். யெல்ட்யே அந்த ஒன்றையும் நீட்டாமல் டப்பாவை மூடினாள்.

"நீ அதை எழுதியிருந்தா அன்னைக்கே மேட்டுக்கு ஓட்டியிருப்பேனேடா, பாவி. டவ்வேவை யாரு நம்பினா? நீ போட்டதாலதானே நம்பினேன்!"

ஹில்கே தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"வடக்குக் கரையைப் பாத்தியா? டவ்வேவோட மாடெல்லாம் அங்கதான் நிக்குது."

நேரே அங்கே போனார். மறுநாள் இதழில் பாதிப் பத்திதான் இருந்தது, மீதி வெறுங்காகிதம். "வடக்குக் கரைக்குள் என் கை தோள்வரை போயிற்று. தெற்கிலும் போனது, தெரிந்தே சொல்லாமல் விட்டேன். மாடுகளை மேட்டுக்கு ஏற்றுங்கள்."

டவ்வே இதழோடு வந்து நின்றார். "என் பாதி எங்கய்யா, ஆசிரியரே?"

"நீங்களும் கைய விட்டுப் பாத்துட்டு வாங்க. போடறேன்."

டவ்வே சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனார். தோள்வரை சேற்றோடு திரும்பியவர் பத்தி கேட்கவில்லை. மாடு ஓட்ட ஆள் கேட்டார். ஹில்கேயும் தடி எடுத்துக்கொண்டு போனார். மேடேறும்போது கறுப்புவெள்ளைப் பசு ஒன்று நின்று அவரைத் திரும்பிப் பார்த்தது. சாவு வீட்டில் கழற்றுவதுபோல் அவர் தொப்பியைக் கழற்றினார்.