நாங்க தனியாத்தான் வந்தேன்

முப்பத்துநான்கு ஆண்டுகள் நான் கரும்பலகையில் ஒரே பிழையை எழுதினேன். ஒன்பதாம் வகுப்பில் வழுவைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், 'நாங்கள் தனியாக வந்தேன்' என்று எழுதி, அதன்மேல் சிவப்புச் சுண்ணக்கட்டியால் குறுக்குக்கோடு போடுவேன். எழுவாய் பன்மை, பயனிலை ஒருமை, ஆகவே எண் வழு. வகுப்பு சிரிக்கும். ஏன் சிரிக்கிறார்கள் என்று அறியாதவனைப்போல் நான் நிற்பேன். அந்தத் தொடர் 'ஐந்தரையாம் மாடி' என்னும் நகைச்சுவைப் படத்தில் வருவது என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் பத்தொன்பதாம் வயதில் ஒரே வாரத்தில் ஏழு முறை பார்த்தவன் நான் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

படம் வந்த எட்டாம் நாளே திரையரங்கிலிருந்து எடுக்கப்பட்டது. அதன் அருமை பின்னால் வந்தவர்களுக்கே விளங்கியது. தொலைக்காட்சியில் ஞாயிறு பிற்பகல்களில் போட்டுப் போட்டு, அப்போது பிறந்தே இராதவர்கள்கூட இப்போது அதன் வசனங்களை வரி தவறாமல் சொல்கிறார்கள். பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். திருடர் இருவர். ஒருவன் தோள்மேல் மற்றவன் ஏறிக்கொண்டு, இருவருமாக ஒரே நீண்ட மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஓர் ஆள்போல ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் நுழைகிறார்கள். ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிடுகிறது. காவலாளி கதவிடுக்கில் விளக்கடித்து, "யார்கூட வந்தே?" என்று கேட்கிறான். மேலே இருப்பவன் பயத்தில் "நாங்க" என்று தொடங்கிவிடுகிறான். தொடங்கிய பிறகுதான் தான் ஒருவனாக இருக்க வேண்டியவன் என்பது அவனுக்கு நினைவுக்கு வருகிறது. வாக்கியத்தின் பாதியில் இருவர் ஒருவராகிறார்கள்: "நாங்க தனியாத்தான் வந்தேன்."

காவலாளி நெடுநேரம் யோசித்து, "ரெண்டு பேர்ல நீங்க யாரு?" என்கிறான். "நான் மாடி. கீழ்வீடு காலி" என்கிறான் இவன். கீழே இருப்பவன் அந்தக் காட்சி முழுவதும் வாய் திறக்கக்கூடாது. மேலங்கிக்குள் அவன் முழங்கால்கள் மட்டும் ஆடும்.

இந்த ஏழு காட்சிகளையும் என் பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்த்தவர் என் தங்கையின் கணவர். அன்று அவர் என் வகுப்புத்தோழர் மட்டுமே. படம் முடிந்ததும் திரையரங்கின் பின்வாசலில் என் தந்தையாரின் மழையங்கியைப் போர்த்திக்கொண்டு என் தோளில் ஏறிவிடுவார். அதனால் அவருக்கு 'மாடி' என்றும் எனக்குக் 'கீழ்வீடு' என்றும் நண்பர்கள் பெயர் வைத்தனர். பிற்காலத்தில் நான் தமிழாசிரியன் ஆனேன். அவர் லிஃப்ட் மெக்கானிக் ஆனார். (மின்தூக்கி என்றே எழுத வேண்டும். ஆனால் அவர் ஆயுள் முழுவதும் லிஃப்ட் என்றே சொன்னவர். அவர் கதையில் அவர் சொல்லே நிற்கட்டும்.) ஏன் அந்த வேலைக்குப் போனார் என்று கேட்டால், அந்தப் படத்தில் நின்றுபோனதை யாராவது ஓட்டிவைக்க வேண்டாமா என்பார்.

அவர் ஓயாமல் பேசுவார். நான் ஓயாமல் திருத்துவேன். ஒருமை பன்மை மயங்கினால் விடமாட்டேன். அவர் ஒரு சொல்லுக்குத் தடுமாறினால், அவர் தேடி எடுப்பதற்கு முன் நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். அவர் ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. "வாத்தியாரே, லிஃப்டுக்கு மேலேயும் கீழேயும் தெரிஞ்சாப் போதும். எழுவாயும் பயனிலையும் படிக்கட்டுல நடந்து வரட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலும் அதே பிழையைச் செய்வார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை உணவின்போது அவர் கையிலிருந்த குவளை நழுவி விழுந்தது. மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. வலக்கை இரண்டு வாரத்தில் மீண்டது. பேச்சு மீளவில்லை. நாம் சொல்வதெல்லாம் விளங்கியது, வாசிக்கவும் முடிந்தது, வாய்க்குச் சொல் வரவில்லை. நாற்பது ஆண்டுகள் நான் திருத்தித் திருத்தி அலுக்காத அந்த வாயிலிருந்து ஒரு பிழைகூட வராத வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

பேச்சுப் பயிற்சியாளர் ஓர் இளம்பெண், கண்டிப்பானவர். எண்கள், பாட்டு, வசனம் என்று நாக்கு பழகியவற்றில் ஏதேனும் ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மற்றச் சொற்கள் ஏறிவரும் என்று அவர் விளக்கினார். என் மைத்துனருக்கு மனப்பாடமாக என்ன தெரியும் என்று கேட்டபோது, பல நாள்களுக்குப் பிறகு என் தங்கை சிரித்தாள். பாட்டு எதுவும் தெரியாது, ஒரு படம் மட்டும் தலைகீழாகத் தெரியும் என்றாள். வசனங்களை அட்டைகளில் பெரிய எழுத்தில் எழுதும் பணி, கையெழுத்தின் சிறப்புக் கருதி, என்னிடம் வந்தது.

பயிற்சியாளர் என்னைத் தனியே நிறுத்தி இரண்டு கட்டளைகள் இட்டார். முதலாவது, என் மைத்துனர் தடுமாறும்போது நான் சொல்லை எடுத்துக் கொடுக்கக்கூடாது. இரண்டாவது கட்டளையை அவர் வாய்மொழியாகவே தருகிறேன்.

"அட்டையைப் பாத்துச் சொல்றது பேச்சு இல்ல சார். தெரியாத ஆள் ஒருத்தர் ஏதாவது கேக்கணும், அவரா பதில் சொல்லணும். மூணு மாசம் பாப்போம். வரலைன்னா படப்பலகைக்கு மாத்திடலாம்."

படப்பலகை என்பது தண்ணீர், படுக்கை, கழிப்பறை முதலிய பதினாறு படங்கள் ஒட்டிய ஒரு பலகை. வேண்டியதை விரலால் தொட்டுக் காட்டலாம். என் மைத்துனர் அதை ஒரு முறை பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓர் ஊர்ப்பேச்சு முழுவதையும் தனியாகப் பேசித் தீர்த்த மனிதருக்குப் பதினாறு படங்கள்.

பழைய நாள்காட்டிகளின் பின்புறத்தை வெட்டிப் பன்னிரண்டு அட்டைகள் எழுதினேன். பதினோர் அட்டைகளை அவர் ஓசையின்றிச் சிரித்தபடி பார்த்தார்; வாய் மட்டும் திறக்கவில்லை. பன்னிரண்டாவது அட்டை அந்த வரி. அதை நீட்டியதும் அவர் முகம் சுருங்கியது. தலையை ஆட்டினார். அட்டையைத் தள்ளிவிட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வீசி எறிந்தார். அந்த வரியையே அவர் மறந்துவிட்டார் என்றால், அந்த ஏழு காட்சிகளையும் பார்த்தவன் இனி உலகத்தில் நான் ஒருவனே.

ஐந்தாம் நாள் பிற்பகலில் அவர் வாயிலிருந்து முதற்சொல் வந்தது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, தெளிவாக, "தேன்" என்றார்.

தங்கை அடுக்களைக்கு ஓடினாள். வீட்டில் தேன் இல்லை. செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினாள். கரண்டியில் ஊட்டினாள். அவர் மறுக்காமல் விழுங்கிவிட்டு, மீண்டும் அட்டையைத் தட்டி, "தேன்" என்றார். மறுநாள் வெந்நீரில் கலந்து கொடுத்தோம். அதற்கு மறுநாள் ரொட்டியில் தடவினோம். வேறு வகைத் தேன் வேண்டுமோ என்று நானே ஒரு பெரிய புட்டி வாங்கிவந்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நாப்பத்தோரு வருஷத்துல ஒரு நாள்கூடத் தேன் வேணும்னு கேட்டதில்ல அண்ணா. இப்பப் பாருங்க, கரடி மாதிரி" என்றாள் தங்கை. கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் கரடி என்று சொன்னாள்.

மூன்றாம் புட்டியைத் திறந்தபோது அவர் பொறுமை இழந்தார். புட்டியை மேசையின் மறுமுனைக்குத் தள்ளினார். எழுந்து வந்து அந்த அட்டையை என் மடியில் வைத்தார். என் சுட்டுவிரலைப் பிடித்து அதன் கடைசி எழுத்துகளின்மேல் வைத்து அழுத்தினார். மண்டையில் ஏறாத மாணவனிடம் நான் பேசும் அதே குரலில், "தேன்" என்றார்.

அப்போதுதான் நான் எழுதியதை நானே வாசித்தேன். 'நாங்கள் தனியாகத்தான் வந்தோம்.'

அந்தப் பிழையைக் குறுக்குக்கோட்டுக்காக மட்டுமே எழுதிப் பழகிய கை என் கை. கோடு போட இடமில்லாத ஓர் அட்டையில் அதை எழுதச் சொன்னதும், என்னைக் கேளாமலே திருத்திவிட்டது. இருவர் வந்தோம் என்று ஒழுங்காகச் சொல்லிவிட்டால் அதில் என்ன சிரிப்பு இருக்கிறது? காவலாளி இருவரையும் பிடித்துக் கொண்டுபோயிருப்பான். படமும் அங்கேயே முடிந்திருக்கும்.

லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் தமிழாசிரியருக்குப் பிழை திருத்தியிருக்கிறார். வாய்க்கு அகப்பட்ட ஒற்றை அசையை வைத்துக்கொண்டு மூன்று நாள் முயன்றிருக்கிறார். 'த்' இறந்தகால இடைநிலை. 'ஏன்' தன்மை ஒருமை வினைமுற்று விகுதி. பகுபதத்தைப் பிரித்துப் பிரித்தே தலை நரைத்த நான், அந்த இடைநிலையையும் விகுதியையும் புட்டியில் அடைத்து விற்கிறார்கள் என்று நினைத்துக் கடைக்குப் போனேன்.

சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். 'தோம்' என்பதை அடித்து, மேலே 'தேன்' என்று எழுதினேன். அவர் அட்டையை வாங்கி, முகத்துக்கு நேரே பிடித்தார்.

"நா... நாங்க..."

அங்கே நின்றுவிட்டார். அடுத்த சொல் என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. என் தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள். காத்திருந்தேன். நான் வாழ்நாளில் எந்த மாணவனுக்கும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை.

"தனியா... த்தான்... வந்தேன்."

நான் காவலாளியானேன். "ரெண்டு பேர்ல நீங்க யாரு?"

"மாடி" என்றார்.

மூவரும் சிரித்தோம். தங்கை அழுகையும் சிரிப்புமாக, "அப்ப இந்த மூணு பாட்டில் தேனை யாரு குடிக்கிறது?" என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். குடித்தேன். இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரத்தில் ஒரு பிற்பகல் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தோம். பத்தொன்பது வயதில் வயிறு வலிக்கச் சிரித்த சில இடங்களில் இப்போது சிரிப்பு வரவில்லை. நடுவில் வரும் சண்டைக்காட்சி, உள்ளதைச் சொன்னால், அறுவை. ஆனால் அந்த லிஃப்ட் காட்சியில் ஒன்றை இப்போதுதான் கண்டேன். ஏழு முறையும் நான் மேலே இருப்பவனின் வாயையே பார்த்திருக்கிறேன். மேலங்கியின் பித்தான் ஒன்று கழன்ற இடத்தில் கீழே இருப்பவனின் கைகள் தெரிகின்றன. மேலே இருப்பவன் உளறும் நேரம் முழுவதும், அவன் விழுந்துவிடாதபடி அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் அவை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இலக்கணத்தில் வழு உண்டு. அதற்கப்பால் வழுவமைதி என்றும் ஒன்று உண்டு. பசுவை அன்பு மிகுதியால் 'என் அம்மை வந்தாள்' என்று ஒருவன் சொன்னால் அது திணை வழு. ஆயினும் காரணம் நோக்கி அதை ஏற்றுக்கொள்கிறோம். இந்த ஒரு தொடரை நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் தவறான தலைப்பின்கீழ்க் கற்பித்துவிட்டேன். அந்த மாணவர் அனைவரிடமும் மன்னிப்புக் கோருகிறேன். இந்த வரியை இப்போது பனியனில் அச்சிட்டு விற்கிறார்கள். அதில் 'வந்தோம்' என்று போட்டிருப்பதைத் தெருவில் கண்டு, அந்த நிறுவனத்துக்கு இரண்டு பக்கக் கண்டனக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. மீண்டும் எழுதுவேன்.

மூன்றாம் மாதத்தின் கடைசி நாள். பயிற்சிக்கூடம் ஐந்தாம் மாடியில். லிஃப்டில் ஏறியதும் அவர் வழக்கம்போல் சுவரில் உள்ளங்கையை வைத்து அதன் ஓட்டத்தைக் கேட்டு, பராமரிப்பு சரியில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். பின்னர் எழுதிச் சேர்த்த அட்டைகளையும் பார்த்து இருபது தொடர்கள் சொல்லத் தொடங்கியிருந்தார். அட்டை இல்லாமல் வெளியார் ஒருவரிடமும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. படப்பலகை புதுத்தாள் சுற்றி மேசைமேல் தயாராக இருந்ததை நான் போன முறையே பார்த்துவிட்டேன். அவரும் பார்த்திருந்தார்.

வரவேற்பு மேசையில் ஒரு புதிய பெண் அமர்ந்திருந்தார். பதிவேட்டிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்.

"யார்கூட வந்திருக்கீங்க?"

நான் இவருடைய மைத்துனன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் தோளில் ஒரு கை விழுந்து அழுத்தியது. வாயை மூடிக்கொண்டேன்.

"நாங்க..." என்றார் என் மைத்துனர். மூச்சு வாங்கினார். "தனியாத்தான் வந்தேன்."

அந்தப் பெண் நிமிர்ந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் அந்தப் படத்தைப் பார்த்தவர் அல்லர் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ரெண்டு பேர்ல பேஷண்ட் யாரு சார்?"

"நான்... மாடி. கீழ்வீடு... காலி."

"மாடிக்கெல்லாம் போக வேண்டாம் சார். மேடம் இங்கதான் இருக்காங்க."

மேடம் என்று அவர் சொன்ன பயிற்சியாளர் உள்ளறைக் கதவருகில் எப்போதோ வந்து நின்றிருந்தார். கையில் குறிப்பேடு திறந்திருந்தது, எழுதிக்கொண்டிருந்தார். என் தோள்மேல் இருந்த கை அசையவே இல்லை. சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் கீழே இருப்பவன் பேசக்கூடாது. நான் பேசாமல் நின்றேன். முழங்கால்கள் மட்டும் ஆடின.