கிளட்ச் மிதிக்க ஓர் ஆள்

அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே இருக்கை. கல்யாணமான நாளிலிருந்து மனைவி அதில் ஏறியதெல்லாம் கிளட்ச் மிதிக்கத்தான். அதுவும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு.

கிளட்ச் பெடல் மறுபடியும் தரையோடு படுத்துவிட்டது. கணவர் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்து, கிளட்ச் ஆயில் குழாயில் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

"மிதி. பிடிச்சுக்கோ. விடு."

அவர்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு இவ்வளவுதான். கீழ் சிலிண்டரை மாற்றியாயிற்று, குழாயையும் மாற்றியாயிற்று. தலைகீழாக நின்றும் ஆயில் குறைவது நிற்கவில்லை.

"கீழ ஒரு சொட்டு சிந்தல. எங்கதான் போய்த் தொலையுது?" என்று எரிந்து விழுந்தார்.

"என் கால்ல," என்றாள் அவள்.

எழுந்து வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பெடலுக்கு மேலிருந்த சிலிண்டர் உள்பக்கமாகக் கசிந்து, ஆயில் அவள் புறங்காலில் வடிந்துகொண்டிருந்தது. தோல் சிவந்து போயிருந்தது.

"முன்னாடியே சொல்றதுக்கு வாய் இல்லையா?"

"மிதின்னீங்க, மிதிச்சேன். விடுன்னீங்க, விட்டேன். வேற என்னத்தக் கேட்டீங்க?"

அவர் துணியை எடுத்துக் குனிந்தார்.

"காலைக் கொஞ்சம் எடு," என்று சொல்லிவிட்டு, அந்த ஆயில் பட்டால் பெயிண்ட் போய்விடுமே என்ற பதற்றத்தில் காரின் தரையைத் துடைக்க ஆரம்பித்தார்.